நேர்ச்சை மண்

மழை வரும் என்று வானொலி சொன்னால் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். பூதலிங்கம் சுவரைப் பார்ப்பார்.

அவர் குடியிருந்த மடத்தின் பின்சுவர் அது. வரிசையாக இருந்த மூன்று அறைகளுக்கும் ஒரே நீளச் சுவர். அடியில் ஒரு முழம் கல்கட்டு, அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் மண். நடு அறையில், அந்தச் சுவரை ஒட்டித்தான் அவருடைய மனைவி செண்பகவடிவின் கட்டில் கிடந்தது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன உடம்பு. சுவர் சரிந்தால் எழுந்து ஓட முடியாது.

வேறு அறைக்குத் தூக்கிப் போகலாம்தான். ஆனால் எந்த அறைக்குப் போனாலும் அதே சுவர் கூடவே வந்தது. மிச்சம் இருந்தது சமையல் கொட்டகை. அதன் ஓலைக்கூரை ஒழுகும் ஒழுக்குக்கு வெளியே மழையில் நிற்பதே மேல்.

ஐப்பசி இரண்டாவது மழைக்குக் கொல்லையில் நின்ற தண்ணீர் வடியவில்லை. மூன்றாவது மழைக்கு அது சுவரோரம் வந்து ஒதுங்கியது. பூதலிங்கம் காலையும் மாலையும் குனிந்து அளந்தார். தண்ணீருக்கும் மண்சுவருக்கும் நடுவே கல் தெரிந்தது நான்கு விரல் அகலம். கல் நனைந்தால் பாதகமில்லை. தண்ணீர் கல்லைத் தாண்டி மண்ணைத் தொட்டால் சுவர் கரையும். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு மண்வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அந்தச் சுவர் விழவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் ஒரு எருமையும் கன்றும். அதை அவர் வடிவிடம் சொன்னதேயில்லை.

சும்மா இருக்கிற ஆளுமில்லை அவர். முதலில் வாளியால் இறைத்தார். இறைத்து ஊற்றிய தண்ணீர் அரை மணி நேரத்தில் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தது. பிறகு சுவரோரமாக நீள வரப்பு ஒன்று கட்டினார். வெளித் தண்ணீரை வரப்பு தடுத்தது, சரி. கூரையிலிருந்து விழுந்த தண்ணீருக்கு உள்ளே தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. தான் கட்டிய வரப்பைத் தானே மிதித்துக் கலைத்துவிட்டு, அறுபத்து நாலு வயது மனிதர் சேற்றில் நின்று அழுதார்.

அன்றைக்குத்தான் உலகம்மையிடம் போனார்.

மடத்துக்கு உலகம்மைதான் தலைமை. முன்பு தலைமையில் இருந்த சாமி அடக்கமான பிறகு ஒன்பது வருஷமாக அந்த இடத்தில் இருந்து வருகிறார். வயது நாற்பத்தொன்று. பூதலிங்கம் அவரை அம்மா என்பார். அவர் பூதலிங்கத்தை அண்ணாச்சி என்பார். இதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பயமா இருக்கு."

"எதப் பாத்து?"

"தண்ணியப் பாத்து. தூங்க முடியல. சுவத்துல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்."

"கைய வச்சா சுவரு நிக்குமா?"

"நிக்காது. எடுக்கவும் பயமா இருக்கு." பூதலிங்கம் தரையில் உட்கார்ந்தார். "இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்க. மந்திரம்னாலும் சரி, எத்தன தடவனாலும் சொல்லுதேன்."

உலகம்மை கீரைக் காம்பை ஒதுக்கிவைத்தார்.

"ஒரு செம்புல மஞ்சத்தண்ணி கலக்கிக் கொண்டாங்க, அண்ணாச்சி."

ஏதோ பூசைக்கு என்று நினைத்து அவர் பயபக்தியோடு கலக்கிக் கொண்டுவந்தார். உலகம்மை அதை வாங்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். அன்று மழை விட்டிருந்தது. சுவரோரத்தில் மட்டும் குளம். மேட்டில் ஈர மண்.

கொல்லைக்கு நடுவில் சாமியின் சமாதி. அதற்கு அந்தப் பக்கம் ஓடை. சமாதியின் காலடியில் நின்று உலகம்மை செம்பைச் சாய்த்தார்.

"கண்ணால பின்னாலயே போங்க."

மஞ்சள் தண்ணீர் முதலில் ஓடைப் பக்கம்தான் கிளம்பியது. இரண்டு முழம் போனது. அங்கே ஒரு செம்மண் மேட்டில் முட்டியது, தயங்கியது, திரும்பியது. வந்த வழியே வளைந்து, நேராகச் சுவரைப் பார்த்து ஓடி, குளத்தில் கலந்தது.

"எங்கன திரும்பிச்சு?"

பூதலிங்கம் மேட்டருகே போய்க் குனிந்தார். அந்தச் செம்மண்ணை அவருக்குத் தெரியும். அவர் கொட்டியது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி அடக்கமாகும் முன்பு, எனக்குப் பூவும் வேண்டாம், கல்லும் வேண்டாம், மண்ணுக்குள் போகிறவனுக்கு மண் போதும் என்று சொன்னாராம். ஆகவே ஆவணி குருபூசைக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டு வாசலிலிருந்து ஒரு பிடி மண் முடிந்துகொண்டுவந்து சமாதியைச் சுற்றிப் போடுவார்கள். போட்ட மண்ணை யாரும் எடுப்பதில்லை. அதில் இரும்பு படக்கூடாது என்பதும் எப்படியோ வழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் பிடி பிடியாகச் சேர்ந்து சமாதியைச் சுற்றி மேடு வளர்ந்தது. வலப்பக்கம் மட்டும் ஒரு பள்ளம் மிச்சமிருந்தது. மலையிலிருந்து கொல்லைக்குள் இறங்குகிற தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சித்திரையில் வடிவு விழுந்தபோது அவளுக்கு வாயும் அடைத்துப்போனது. நாற்பது வருஷம் ஓயாமல் பேசிய வாய். பூதலிங்கம் சமாதியில் விழுந்து வேண்டிக்கொண்டார். அவளுக்குப் பேச்சு வரட்டும் சாமி, ஊரெல்லாம் ஒரு பிடி போடுகிறது, நான் ஒரு டிராக்டர் போடுகிறேன்.

ஆடி மாசம் ஒரு காலையில் கஞ்சி கொடுத்தபோது வடிவு முகத்தைச் சுளித்து, "உப்பு" என்றாள். மூன்று மாதத்தில் முதல் சொல். பூதலிங்கம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு மடம் முழுக்க ஓடினார், உப்பு உப்பு என்று கத்திக்கொண்டே. சமையல்காரர் ஒரு மரக்கால் உப்பைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடிவந்தார்.

ஆவணியில் டிராக்டர் வந்தது. எங்கே கொட்ட என்று ஓட்டுநர் கேட்டார். பூதலிங்கம் சுற்றிப் பார்த்தார். மேடெல்லாம் அழகாக இருந்தது. பள்ளம்தான் அவலட்சணமாக, ஒரு பல் விழுந்த வாய் போலக் கிடந்தது. அதைக் காட்டி, அங்கே கொட்டு என்றார். கொட்டி, நிரவி, மேலே அருகம்புல்லும் பதித்தார்.

இப்போது செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி உலகம்மை சொன்னார்:

"வெட்டி வழிவிட்டா வடிஞ்சிரும்."

"ஐயோ, வேண்டாம்மா."

"ஏன்?"

"அது நேந்த மண்ணு. அவ பேச்சுக்குக் குடுத்த மண்ணு." பூதலிங்கம் மேட்டுக்குக் குறுக்கே போய் நின்றார். "குடுத்தத எடுத்தா அவரும் குடுத்தத எடுத்துருவாருல்லா. அவ வாய் திரும்ப அடைச்சிரும்."

உலகம்மை செம்பில் ஒட்டியிருந்த மஞ்சளை விரலால் துடைத்தார்.

"அன்னைக்கே ஏன் என்னத் தடுக்கல? நீங்களும் நின்னுகிட்டுதான இருந்தீங்க?"

"நின்னேன், அண்ணாச்சி. வடிவக்கா பேசுன சந்தோசத்துல எனக்கும் பள்ளம் கண்ணுல படல."

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கோபப்படவும் வழியில்லாமல் நின்றார்.

"நீங்களே வெட்டிருங்களேன். நீங்க வெட்டுனா சாமி ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

"நேந்தது நானா?"

கீரை வாடிவிடும் என்று சொல்லிவிட்டு உலகம்மை கொட்டகைக்குப் போனார். போகிற போக்கில், "மம்பட்டி அடுப்படி மூலையில இருக்கு" என்றார்.

மந்திரம் கேட்கப் போனவருக்கு இரண்டாவதாக ஒரு பயம் கிடைத்தது. இதுவரை தண்ணீருக்கு மட்டும் பயந்தார். இப்போது சாமிக்கும் பயந்தார். வெட்டாவிட்டால் சுவர் அவளை எடுக்கும். வெட்டினால் சாமி அவள் பேச்சை எடுப்பார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மம்பட்டி இருந்த மூலைப் பக்கமே போகாமல் சுற்றி நடந்தார்.

"என்ன... முழிக்கீங்க?" என்று வடிவு கேட்டாள். ஒவ்வொரு சொல்லாக, இடது பக்க வாயால்.

"ஒண்ணுமில்ல."

"பொய்."

அந்த ஒற்றைச் சொல்லுக்காக அவர் ஒரு டிராக்டர் என்ன, ஒரு மலையையே கொட்டுவார். அதை எப்படித் திருப்பி எடுப்பது?

நாலாம் நாள் மதியம் மலை மறைந்தது. பிறகு மழை அடித்தது. மலையிலிருந்து செந்தண்ணீர் கொல்லைக்குள் இறங்கியது. பூதலிங்கம் குடை இல்லாமல் சுவரோரம் குனிந்து நின்றார். மூன்று விரல். இரண்டு விரல். கொஞ்ச நேரத்தில் விரல் வைக்க இடமில்லை.

உள்ளே ஓடினார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். ஈரம் கையில் ஒட்டியது. சுவரின் வெளிப்பக்கத்தில் தொப்பென்று ஏதோ தண்ணீரில் விழுந்தது. ஒரு கட்டி மண். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"என்ன... சத்தம்?"

"தேங்கா விழுது."

கொல்லையில் தென்னை கிடையாது. வடிவுக்கும் அது தெரியும். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய நல்ல கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் அவர் பார்த்தார். நகமெல்லாம் வெளுத்திருந்தது. எத்தனை நாளாக அப்படிப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாளோ.

"எனக்கு... பயமா... இருக்கு."

கொட்டகைக்குள்ளும் வெள்ளம் நின்றது, அவளைத் தூக்கிப் போய்க் கிடத்த இடமில்லை. பூதலிங்கம் வெளியே ஓடினார்.

மழையில் சமாதி முன்னால் விழுந்தார். "சாமி, என் நாக்க எடுத்துக்க. நான் இனிமே பேசி என்ன ஆகப்போவுது? அவளத விட்டுரு." எழுந்து செம்மண் மேட்டுக்குப் போய், இரண்டு கையாலும் தோண்டினார். புல்வேர் பிடித்து இறுகிக் கிடந்த மண். கைநகம் பிய்ந்தது. ஒரு சட்டி மண்கூட வரவில்லை. அவர் கையால் தோண்டிய குழியில் தண்ணீர் வந்து நின்று அவரைப் பார்த்தது.

பக்கத்தில் நிழலாடியது. உலகம்மை நனைந்துபோய் நின்றார். ஒரு கையில் மம்பட்டி, மறு கையில் கூடை.

"இரும்பு படக்கூடாதும்மா!" பூதலிங்கம் அலறினார். "சமாதி மண்ணு!"

"சாமிக்குக் குழி வெட்டுனது எத வச்சு, அண்ணாச்சி?"

பூதலிங்கத்தின் கை நின்றது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அந்தக் குழியை வெட்டிய நாலு பேரில் அவரும் ஒருவர். இதே மம்பட்டிதான். காம்பு மட்டும் இடையில் ஒருமுறை மாற்றினார்கள்.

உலகம்மை மம்பட்டியை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

முதல் வெட்டு. புல்லும் மண்ணும் பெயர்ந்தன. அவர் நிமிர்ந்து அறைப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"வடிவு!"

மழைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "என்ன..."

பேச்சு இருக்கிறது. இன்னொரு வெட்டு.

"வடிவு!"

"இருக்கேன்."

அவர் வெட்டிய மண்ணை உலகம்மை கூடையில் அள்ளி மேட்டோரம் கொட்டினார். "ஆழமா வேண்டாம். அகலமா வெட்டுங்க. தண்ணி நடந்து போகணும், குதிக்கக் கூடாது" என்றார். மற்றபடி பேசவில்லை.

ஒவ்வொரு கூடைக்கும் ஒருமுறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. இருக்கேன். ம். கேக்குது. என்னவாம். பத்துக் கூடை, இருபது கூடை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குக் குரல் கம்மியது. பாதி மேடு போய்விட்டது. ஓடைக்கு இன்னும் ஒரு ஆள் நீளம்.

"வடிவு!"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"வடிவு! ஏட்டி, வடிவு!"

பதில் இல்லை.

மம்பட்டி கையிலிருந்து நழுவியது. எடுத்துவிட்டார். சாமி எடுத்துவிட்டார். பூதலிங்கம் சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, முழங்கால் தண்ணீரில் சுவரைச் சுற்றி ஓடி அறைக்குள் போனார். சுவர் நின்றது. கட்டில் இருந்தது. வடிவு கண்ணை அகல விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தை இரண்டு சேற்றுக் கையாலும் பிடித்தார்.

"பேசு. ஏதாவது பேசு. ஒரே ஒரு வார்த்த."

அவள் வாய் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. அவள் கண்ணால் தலைமாட்டுச் செம்பைக் காட்டினாள். அவர் எடுத்து வாயில் ஊற்றினார். இரண்டு மடக்கு விழுங்கினாள்.

"எத்தன... தடவ... கூப்பிடுவீங்க?" என்றாள் வடிவு. "தொண்ட... காஞ்சு போச்சு."

பூதலிங்கம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாமி மண்ண வெட்டுதேன் வடிவு. உன் பேச்சுக்கு நேந்த மண்ண."

வடிவு ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பினாள். வெளியே இன்னொரு கட்டி மண் தொப்பென்று விழுந்தது.

"அப்ப... சீக்கிரம்... வெட்டுங்க."

அவர் போனார். இந்த முறை கூப்பிடவில்லை. கூப்பிடாமல் வெட்டுவது கூப்பிட்டு வெட்டியதைவிடப் பயமாக இருந்தது. ஆனாலும் வெட்டினார். கடைசி ஒரு முழ மண்ணை மம்பட்டி தொடுவதற்கு முன் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது. கொல்லையில் நின்ற குளம் மெல்ல அசைந்து, திரும்பி, சமாதிக்கு வலப்பக்கமாக ஓடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

சுவரோரம் கல் தெரிந்தது. ஒரு விரல். பிறகு இரண்டு.

பொழுது சாய்வதற்குள் மழை விட்டது. கல்கட்டுக்கு மேலே சுவரின் அடி அங்கங்கே கரைந்து குழி விழுந்திருந்தது. உள்ளே ஒரு கை நுழையும். இன்னும் அரை மணி நேரம் தண்ணீர் நின்றிருந்தால் சுவர் உட்கார்ந்திருக்கும்.

வெட்டிய வாய்க்காலின் இரண்டு கரையையும் உலகம்மை நடந்து பார்த்தார். "கர அரிக்காம இருக்க வெட்டிவேர் நட்டுரலாம். ஓடையில நிறையக் கெடக்கு. தண்ணி எறங்குற எடத்துல கல்வாழ வைப்போம்" என்றார்.

பூதலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. மேட்டோரம் குவிந்து கிடந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டரில் வந்த மண். தண்ணீர் போய்விட்டது. அவருடைய பயத்தில் பாதி இன்னும் அங்கே குவியலாகக் கிடந்தது.

"அம்மா."

"சொல்லுங்க."

"இத என்ன செய்ய? பழைய எடத்துல போட முடியாது. ஓடையில தள்ள மனசு வரல. காலு பட்டாலும் பாவம். எங்கன கொண்டு போடுவேன்?"

உலகம்மை திரும்பிப் பார்த்தார். சுவரோரம் குளம் நின்ற இடம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. அடுத்த மழைக்கு ஒதுங்க அதுதான் தோதான இடம்.

அவர் ஒரு கூடை செம்மண்ணை அள்ளினார். இடுப்பில் வைத்துச் சுமந்துகொண்டு போய், நடு அறைக்கு நேராக, சுவரின் கல்கட்டோரம் கொட்டினார். காலால் மிதித்து இறுக்கினார். சுவர்ப்பக்கம் மேடாகவும் வாய்க்கால் பக்கம் சரிவாகவும் கையால் தடவிவிட்டார். வெறும் கூடையைப் பூதலிங்கத்திடம் நீட்டினார்.

பூதலிங்கம் கூடையைத் தொடவில்லை.

"சாமிக்கு நேந்த மண்ணும்மா இது."

ஜன்னலுக்குள்ளே வடிவு சமையல்காரரிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்காக நேந்தீங்க, அண்ணாச்சி?"